ஜன்னல் பார்க்கிற குடும்பம்

எங்கள் வீட்டில் யாரும் தெருவில் நேராகப் பார்த்து நடப்பதில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்போம். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர்களுக்கு வருகிற வியாதி இது. அடுத்தவர் ஜன்னலில் என்ன துணி தொங்குகிறது, வெயிலில் எவ்வளவு வெளுத்திருக்கிறது, மடிப்பு ஒழுங்காக விழுகிறதா, எந்தக் கொக்கி கழன்றிருக்கிறது என்று பார்க்காவிட்டால் எங்களுக்குக் காப்பி இறங்காது. என் மாமனார் ஒருமுறை இப்படி அண்ணாந்து நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார். முட்டிக்கொண்டதோடு நிற்காமல் கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டார். திரையே இல்லாத மொட்டை ஜன்னல் கண்ணில் பட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். இன்னும் திரை வாங்காத வீடு, அதாவது சீக்கிரம் எங்கள் கடைக்கு வரப்போகிற வீடு என்று அர்த்தம்.

அதனால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எழும்பிய புதுக் குடியிருப்பைப் பார்த்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று உயரமான கட்டடங்கள். ஆட்கள் குடிவந்து மாதங்கள் ஆகிவிட்டன. பால்கனியில் துணி காய்கிறது, குழந்தைகளின் சைக்கிள் நிற்கிறது, மாலையானால் வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது. ஆனால் ஒரு ஜன்னலில்கூடத் திரை கிடையாது. போதாக்குறைக்குத் தரைத்தளத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது, வாடகைக்கு விடப்படும் என்று பலகை வேறு.

அந்தக் கடை எனக்கு வேண்டும். இதைப் பூசி மெழுகிச் சொல்வானேன்? எங்கள் கடையில் அளவெடுப்பது நான், ஏணியில் ஏறுவது நான், சிவப்பா பழுப்பா என்று சண்டை போடுகிற தம்பதிகளைச் சமாதானம் செய்து அனுப்புவது நான். ஆனால் என்ன துணி வாங்குவது, எதை விற்பது என்று முடிவெடுப்பது என் வீட்டுக்காரர். தங்கமான மனிதர்தான். ஆனால் துணியைப் பார்த்தால் மயங்கிவிடுவார். யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வரும். நானே நடத்துகிற மாதிரி ஒரு கடை வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்கிறேன். "பார்க்கலாம்" என்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அது.

இந்தத் தடவை வேறு பதில் வந்தது. "தங்கச்சி ஆராய்ச்சி பண்ணட்டும். அவ சரின்னு சொன்னா அந்தக் கடையை எடுக்கலாம். நீயே நடத்து."

தங்கச்சி என்றால் என் நாத்தனார். பெரிய நிறுவனங்களுக்குச் சந்தை ஆய்வு செய்துகொடுக்கிற அலுவலகத்தில் வேலை. வீட்டில் அவளுக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். தோசைக்கல் சூடாகிவிட்டதா என்று கேட்டால்கூட, "எதோட ஒப்பிட்டு?" என்பாள். கட்டட மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வரைதான் அவகாசம் கொடுத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் ஒருவரும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

இதற்குள் என் வீட்டுக்காரர் மொத்த வியாபாரியிடம் ஒரு துணியைப் பார்த்து மயங்கி, எடுத்துவைக்கவும் சொல்லியாயிற்று. இரண்டு பக்கமும் பூப்போட்ட துணி. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு. "உள்ள பாத்தாலும் பூ, வெளிய பாத்தாலும் பூ. மூணு கட்டடமும் பூத்துக் குலுங்கும். ரயில்ல போறவங்க எல்லாம் பாப்பாங்க. தனியா விளம்பரமே வேண்டாம்" என்று கையை விரித்துக் காட்டினார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி எங்கள் கடைக்கு ஓடிவருவது அவர் கண்ணில் தெரிந்தது.

"அண்ணா, துணியை அப்புறம் பாக்கலாம். முதல்ல வெளிச்சூழல்" என்றாள் நாத்தனார். கடையில் துணி வெட்டுகிற பெரிய மேஜையைக் காலி செய்து, தையல் சாக்கட்டியால் அதை ஆறு கட்டங்களாகப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பு. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல். "நம்ம கையில இல்லாத, ஆனா நம்ம வியாபாரத்தை ஆட்டிவைக்கிற விஷயம் எல்லாம் இந்த ஆறுல அடங்கிடும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில இதே மேஜையில கொண்டுவந்து வைக்கணும்."

அரசியல் என்ற வார்த்தையை அவள் எழுதி முடிப்பதற்குள் மாமனார் அதன்மேல் கையை வைத்துவிட்டார். மாமியார் சமூகத்தை எடுத்துக்கொண்டார். பொருளாதாரம் வீட்டுக்காரருக்கு, தொழில்நுட்பம் நாத்தனாருக்கே. எங்கள் தையல் மாஸ்டர் வெயிலும் மழையும் தன் இலாகா என்று சுற்றுச்சூழலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மிஞ்சியது சட்டம். அது என் தலையில் விழுந்தது.

"எனக்குத் தெரிஞ்ச சட்டமெல்லாம் வண்டி நிறுத்தக் கூடாதுங்கறது மட்டும்தான்" என்றேன்.

"அது போதும் அண்ணி. அந்தக் குடியிருப்புல என்னென்ன கூடாதுன்னு கேட்டுட்டு வாங்க."

எல்லோரும் கிளம்பினார்கள். மாமியார் தினமும் சாயங்காலம் அந்தக் குடியிருப்புப் பூங்காவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திரையைப் பற்றி ஏதாவது கேட்டீர்களா என்றால் என்னை முறைத்தார். "பாத்த உடனே வியாபாரம் பேசுவாங்களா? முதல்ல பழகணும்." மாஸ்டர் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, நிழல் எந்தக் கட்டடத்தில் எப்போது விழுகிறது என்று பார்த்தார். வீட்டுக்காரர் குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றார். என்ன பொருள் வாங்குகிறார்கள் என்பது அவர்கள் தூக்கிப்போடுகிற அட்டைப்பெட்டியில் தெரியுமாம். பார்க்கிறவர்கள் இந்த மனிதருக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்திருப்பார்கள். மாமனார் டீக்கடை டீக்கடையாக அரசியல் பேசினார். அதை அவர் ஆய்வு இல்லாத நாளிலும் செய்துகொண்டுதான் இருந்தார்.

நான் சட்டத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை மத்தியானம்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரைத் தேடிப் போனேன். மேற்குக் கட்டடத்தில் ஏழாவது மாடி. கதவைத் திறந்த அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் ஏதோ ஆபரேஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனால், எனக்கும் கண் கூசியது. கூடம் முழுவதும் வெயில். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் ஒரு குடையை விரித்துக் கட்டியிருந்தார்.

"இப்படித்தாம்மா மத்தியானத்துக்கு மேல வாழ்க்கை" என்று சொல்லிவிட்டுக் குடையின்கீழ் உட்கார்ந்தார்.

நான் யார் என்று சொன்னேன். திரைச்சீலைக் கடை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. அழ முடியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"இங்க யாருக்கும் திரை இல்லைன்னு நினைச்சீங்களா? எல்லார்கிட்டயும் இருக்கு. எல்லாம் அலமாரிக்குள்ள தூங்குது." எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்து காட்டினார். நீலத் திரை ஒரு ஜோடி, மடித்தது மடித்தபடி. "இந்தக் குடியிருப்புல வெளிய இருந்து பாத்தா ஜன்னல்ல வெள்ளை மட்டும்தான் தெரியணும். வீடு வாங்கறப்பவே எல்லாரும் ஒத்துக்கிட்ட விதி. யாரு படிச்சாங்க? ஆளாளுக்கு ஆசைப்பட்டு வாங்கி மாட்டினாங்க. அப்புறம் நானேதான் வீடு வீடாப் போய்க் கழட்டச் சொன்னேன். என் வீட்டுல இருந்து ஆரம்பிச்சேன்."

"உள்பக்கம் கலர், வெளிப்பக்கம் வெள்ளைன்னு ரெண்டு திரை மாட்டலாமே?"

"திரை மாட்டற கம்பி ஒண்ணுதான். ஜன்னலோடயே வந்தது. சுவத்துல இன்னொரு துளை போடக் கூடாது. அதுவும் விதி."

"வெறும் வெள்ளைத் துணி?"

"போட்டுப் பாத்தாங்க. வெயில் அப்படியே உள்ள வருது. ராத்திரி விளக்குப் போட்டா ஆளு நடமாடறது நிழலாத் தெரியுது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு கழட்டிட்டாங்க."

நான் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி நல்ல கனமான கம்பி, ஆனால் ஒன்றே ஒன்று. நாங்கள் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம், திரை வாங்காதவர்கள் என்று முடிவுகட்டினோம். இவர்களோ வாங்கி, மாட்டி, கழற்றி, அலுத்துப்போனவர்கள். வேறு எந்தக் கடைக்காரருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஒரு செருப்புக் கடைக்காரர் வந்திருந்தால் ஜன்னலையே பார்த்திருக்க மாட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரைத்தளத்தில் அந்தக் காலிக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். வெட்டும் மேஜை எங்கே, மாதிரித் துணிகள் எங்கே என்று மனசுக்குள் எல்லாவற்றையும் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். எடுக்க மனசு வரவில்லை. யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபமும் வந்தது. வழியெல்லாம் வெள்ளை நிறத்தைத் திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ரயில் பாதைக்குக் கீழே தோண்டிக்கொண்டிருக்கிற சுரங்கப்பாதையைத் தேர்தலுக்குள் திறந்தே ஆக வேண்டும், திறக்காவிட்டால் இந்தத் தொகுதியில் ஓட்டு கேட்டு யாரும் வர முடியாது, ஆகவே இந்தப் பக்கத்து ஜனமும் அந்தக் கடைக்குச் சுலபமாக வரலாம் என்றார். மாமியார் பூங்காவில் மூன்று சிநேகிதிகளைப் பிடித்திருந்தார். "அங்க ராத்திரி வேலைக்குப் போறவங்க நிறைய. நர்ஸுங்க, விமான நிலையத்துல வேலை பாக்கறவங்க. பகல்ல தூங்க முடியாம கண்ணு சிவந்து கிடக்குதுங்க. கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க பாடு அதைவிட மோசம்." மேற்குக் கட்டடத்தில் மத்தியானத்துக்கு மேல் நிற்கவே முடியாது என்றார் மாஸ்டர். இணையத்தில் திரை வாங்குகிறவர்கள் அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்புவதுதான் அதிகம் என்றாள் நாத்தனார். வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிகளை வைத்து, வசதியான வீடுகள், நல்ல பொருளாகப் பார்த்து வாங்குகிறார்கள் என்று அறிவித்தார். எல்லாக் கட்டத்திலும் நாத்தனார் சரி என்று குறி போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரர் முகத்தில் பூவாகப் பூத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, சட்டம்?"

பலகை வைக்க அனுமதி உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். கடை என் கைக்கு வந்துவிடும். வந்த பிறகு அதில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நான்தான். சொன்னேன். வெள்ளை, ஒற்றைக் கம்பி, அலமாரியில் தூங்குகிற நீலம், குடை எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு அந்தக் கடை வேணும். ஆனா அங்க ஒரு ஜன்னல்கூட நமக்கு இல்லை" என்றேன்.

வீட்டுக்காரர் இருமினார்.

"திரைச்சீலைக் கம்பெனி அட்டைப்பெட்டி நிறைய கிடந்துச்சு. நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏங்க சொல்லலை?"

"வேற ஏதாவது பொருளைப் போட்டுக் கொண்டுவந்திருப்பாங்கன்னு நினைச்சேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நினைச்சுக்கிட்டேன்."

மாமியாருக்கும் ஏதோ உறுத்தியது. அலமாரி நிறையத் துணி வீணாகக் கிடக்கிறது என்று பூங்காவில் ஒருத்தி புலம்பினாளாம். புடவையைச் சொல்கிறாள் என்று இவர் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நாத்தனார் மட்டும் சாக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கறேன். இந்த விதி நம்மளை மட்டும்தான் தடுக்குதா?"

"எல்லாரையும்தான்."

"அப்போ அங்க வேற எந்தக் கடைக்காரனும் விக்கலை. இணையத்துல விக்கறவனும் தோத்துட்டான். ஆனா வெயில் அடிக்குது, தூக்கம் கெடுது, கையில வசதி இருக்கு. தேவை அப்படியே இருக்கு, தீர்த்துவைக்கத்தான் ஆள் இல்லை. ஒரு கம்பியில, வெளிய வெள்ளையாவும் உள்ள கலராவும் ஒரே திரை தைக்க முடியுமா முடியாதா? எனக்கு அது தெரியாது. உங்களுக்கும் மாஸ்டருக்கும்தான் தெரியும்."

நானும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்துணி வைத்துத் தைப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் வைப்பது எப்போதும் மெல்லிய துணி, கண்ணில் படாத துணி. கனமான வெள்ளைத் துணியை வைத்தால் வெயிலும் நிற்கும், நிழலும் தெரியாது. "கம்பி தாங்கும்" என்றேன் நான். "ஆனா கீழ் விளிம்புல சேத்துத் தைக்கக் கூடாதுக்கா" என்றார் மாஸ்டர். "துவைச்சா ஒரு துணி சுருங்கும், ஒண்ணு சுருங்காது. மேலயும் பக்கத்துலயும் பிடிச்சிட்டு, கீழே ரெண்டையும் தனித்தனியாத் தொங்கவிடணும்." அதற்குள் நான் அளவு நாடாவைக் கையில் எடுத்திருந்தேன்.

"பூத்துணி?" என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

"உள்பக்கத்துக்கு, வேணும்னு கேக்கறவங்களுக்கு மட்டும், சின்னப் பூ" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய் மொத்த வியாபாரியிடம் போன் பேசினார். நிச்சயம் ஆன கல்யாணத்தை நிறுத்துகிறவர் குரலில் பேசினார். வியாபாரிக்கு ஆறுதல் சொல்வது போல ஆரம்பித்து, தனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு முடித்தார்.

ஆனாலும் நாத்தனார் சரி என்று குறி போட மறுத்துவிட்டாள். மேஜையில் பேசியதெல்லாம் பேச்சுதான், ஒரு ஜன்னலில் மாட்டிக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். செயலாளர் அம்மாளுக்குப் போன் செய்து அந்த நீலத் திரையையே வாங்கி வந்தோம். மாஸ்டர் அதன் முதுகில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தார். மத்தியானம் நானும் நாத்தனாரும் கொண்டுபோய் மாட்டினோம். நான்தான் ஏணியில் நின்றேன். செயலாளர் விதியை மீறாத ஆள். வீட்டுக்குள் என்ன ஆயிற்று என்றுகூடப் பார்க்காமல், முதலில் கீழே இறங்கித் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"மாட்டியாச்சா?"

"ஆச்சு."

"வெள்ளைதான் தெரியுது. நல்லா விரிச்சுத்தானே விட்டிருக்கீங்க?"

"நல்லா விரிச்சிருக்கு. மேல வாங்க."

மேலே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூடம் முழுக்க நீலமான நிழல். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் கட்டியிருந்த குடையை அவிழ்த்து மூலையில் சாத்தினார். எங்களுக்கு நன்றி சொல்வார் என்று பார்த்தால், "தப்பா நினைக்காதீங்க, நான் கொஞ்சம் படுக்கணும்" என்று சொல்லி எங்களைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டார். கதவு மூடியதும் நாத்தனார் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு நர்ஸ் பெண்ணின் கண் மாமியார் சொன்னபடியே சிவந்துதான் இருந்தது. என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னோம். உடனே தன் அலமாரியைத் திறந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த இன்னும் இரண்டு வீட்டாரும் தங்கள் திரையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கையில் மூன்று வீட்டுத் திரைகளோடு கீழே இறங்கினோம். வீட்டுக்காரர் லிஃப்டு வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாத்தனார் அவரிடம் ஒரே வார்த்தை சொன்னாள். "சரி."

கட்டட மேலாளரின் அறைக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். மருந்துக்கடைக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். மேலாளர் என் வீட்டுக்காரரைப் பார்த்து எழுந்து, நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார். "உட்காருங்க சார். எத்தனை வருஷத்துக்கு எடுக்கறீங்க?"

அவர் உட்காரவில்லை.

"என்னைக் கேக்காதீங்க. இந்தக் கடைக்கு நான் வெளி ஆளு. வெயில், மழை, அரசாங்கம் மாதிரி. என்னையும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் அவங்க முடிவெடுப்பாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பார்க்கலாம் என்று இத்தனை வருஷம் சொன்ன மனிதர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேலாளர் மூடின கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

நான் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் அவர் கவனித்துவிடுவார்.

"அஞ்சு வருஷம். அதுக்கு மேல வாடகைக்கு விடறதா இருந்தாலும் முதல் உரிமை எனக்குத்தான். இன்னொண்ணு, சங்கம் அந்த வெள்ளை விதியை மாத்தறதா இருந்தா ஆறு மாசம் முன்னாடி எனக்குச் சொல்லணும். அதையும் எழுதுங்க" என்றேன்.